அத்தானின் டீஎக்ஸ் வாகனும் மாங்குளத்து பாஸும்

ரொறன்ரோவிலிருந்து நான் வந்த கலியாணம் கிளிநொச்சியில் குறையில்லாமல் நடந்தது. சாப்பாடும் திறம். அதோடு அந்தக் கதை முடிந்தது. மிச்சமெல்லாம் அத்தானின் கார்க் கதை.

அத்தான் வைத்திருப்பது டொயோட்டா கொறோலா டீஎக்ஸ் வாகன், பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. எட்டு மாதத்தில் அதற்கு இரண்டு பற்றரி மாற்றியாயிற்று. இரவில் லைற்றைப் போட்டால் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல முன்னுக்கு ஒரு சத்தம். கொஞ்சத் தூரம் போக லைற் மங்கி, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஓடுவதுபோல இருக்கும். "பழைய கார்தானே தம்பி, அப்பிடித்தான்" என்பார்.

பற்றரி விற்ற கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெயர் வேண்டாம். அங்கே நின்ற பெடியன் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே பற்றரியின் ஒரு முனையைக் கழற்றினான். எஞ்சின் நிற்கவில்லை. "பாருங்கோ, சார்ஜ் வருது, கரண்ட் தாற ஒல்ரநேற்றர் நல்லம். பற்றரிதான் பிழை" என்றான். எனக்கு ஏறிவிட்டது. அது டைனமோ காலத்து வித்தை. ஒல்ரநேற்றர் உள்ள வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்ற் ஒரேயடியாகத் துள்ளும், உள்ளே இருக்கிற டயோட்டோ ரெகுலேற்றரோ கருகலாம். மீற்றர் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். "அண்ணை வெளிநாடோ?" என்றான். மூன்றாவது பற்றரி வாங்காமல் வெளியே வந்தோம். அக்காவுக்கு நான் சத்தம் போட்டது பிடிக்கவில்லை.

அடுத்தநாள் ஒட்டுசுட்டானுக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் புறப்பட்டோம். முறிகண்டியில் வழமைபோல இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, திரும்ப ஏறித் திறப்பைத் திருப்பினால் பற்றரிச் சிவப்பு லைற் எரிந்தது. எரியத்தான் வேண்டும். எஞ்சின் பிடித்தபிறகும் அரைகுறையாக எரிந்துகொண்டு நின்றதுதான் பிழை. மாங்குளம் வருமுன் சூட்டு முள்ளும் ஏறத் தொடங்கியது. இந்த எஞ்சினில் விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் ஒல்ரநேற்றரையும் ஒரே பெல்ற்தான் சுற்றுகிறது. சார்ஜும் குறைந்து சூடும் ஏறினால் பெல்ற்றைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எட்டு மாதமாக ஒருவரும் அதைச் சரியாகக் குனிந்து பார்க்கவில்லை.

மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்புகிற பக்கம், வேப்பமரத்தின் கீழ் ஒரு தகரக் கொட்டில். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாஸ், அதாவது மெக்கானிக். ரொறன்ரோவில் என்றால் முதலில் கணினியைக் கொளுவுவார்கள். பிறகு ஒல்ரநேற்றர், பெல்ற், பற்றரி மூன்றுக்கும் சேர்த்து ஒரு துண்டு நீட்டுவார்கள். மணிக்கூலியே நூறு டொலருக்கு மேல். இந்த மனிசன் பொனற்றைத் திறக்குமுன்னே கேட்டார்: "லைற் போட்டால்தான் கத்துதோ, போடாமலும் கத்துதோ?"

"போட்டால்தான்."

"அப்ப சுமை ஏறேக்க வழுக்குது."

மீற்றரை வைத்தார். எஞ்சின் ஓடாமல் 12.1 வோல்ற். ஓடவிட்டால் 13.6. பெரிய லைற்றைப் போட்டதும் கீச்சென்றபடி 12.3க்கு இறங்கியது. லைற் போட்டாலும் 13.8க்குக் குறையாமல் நிற்கவேண்டுமாம். சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஓடுகிற பெல்ற்றில் தெளித்தார். சத்தம் கூடியது. "பெல்ற் ஓடுற சில்லு, புல்லி, நேராய் இல்லாட்டி தண்ணி பட ஒருக்கால் அடங்கும். இது பிடிமானம் இல்லாத சத்தம்."

"முந்தநாள்தானே இறுக்கினது!" என்று அத்தான் கோபித்தார். பாஸ் எஞ்சினை நிற்பாட்டி, பெல்ற்றின் நடுவில் பெருவிரலால் அமத்தினார். அரை அங்குலமாவது உள்ளே போகவேண்டியது, அசையவே இல்லை. இன்னும் இறுக்கினால் தண்ணீர்ப் பம்பின் பெயரிங்தான் போகும் என்றார். (அத்தான் புல்லியை 'புலி' என்றுதான் சொல்வார். 'புலி பிழையோ, புலியை மாத்தவேணுமோ' என்று அவர் உரத்துக் கேட்க, அக்கா வீதியை இரண்டு பக்கமும் பார்த்தா.)

இறுக்கமாக இருக்கிற பெல்ற் ஏன் வழுக்குகிறது? பாஸ் அதைக் கழற்றி என் கையில் தந்தார். பக்கங்கள் இரண்டும் கண்ணாடிபோல மினுங்கின. பிறகு ஒல்ரநேற்றர் புல்லியின் பள்ளத்தைக் காட்டினார். சுவர்களில் பழைய கறள், அடியில் மட்டும் வெள்ளிக்காசுபோலப் பளபளப்பு. "வீ பெல்ற் சுவரிலதான் கடிக்கவேணும் தம்பி. இது அடியில போய்க் குந்தியிருக்கு." 13 மில்லிமீற்றர் பெல்ற் போடவேண்டிய இடத்தில் யாரோ 10 மில்லிமீற்றரைப் போட்டிருக்கிறார்கள். நீளம் சரியாம், அதுதான் மாட்டுப்பட்டிருக்கிறது.

இருபத்தைந்து வருடமாகப் பனியில் கார் ஓட்டுகிறேன். மைனஸ் இருபதில் காலையில் பெல்ற் கத்தக் கத்தக் கேட்டிருக்கிறேன். ஒருநாளாவது புல்லியின் அடியை எட்டிப் பார்த்ததில்லை. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில்தானாம். அப்போது பற்றரி வன்னிக்குள் வராது, பெற்றோல் வராது. நாலு துளி பெற்றோலில் பிடிக்கவைத்து மண்ணெண்ணெயில் ஓடியதும், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றி றேடியோ கேட்டதும் வாசிக்கிற உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "மாத்த சாமான் இல்லாட்டி என்ன பிழையெண்டு தேடத்தானே வேணும்" என்றார்.

கொட்டிலுக்குள்ளே ஆணியில் தொங்கிய கட்டிலிருந்து ஒரு 13ஐ எடுத்து மாட்டினார். பற்றரி முனையில் பூத்திருந்த பச்சைத் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். பெரிய லைற்றோடு 14.1. பெல்ற்றும் கூலியும் சேர்த்து 2500 ரூபா. நான் ஐயாயிரத்தை நீட்ட, மிச்சத்தைச் சரியாக எண்ணித் தந்தார். "ரெண்டு நாள் ஓடினபிறகு ஒருக்கால் இறுக்குங்கோ, புதுசு இழுபடும்" என்றது மட்டும்தான் உபதேசம்.

பெரியம்மா வீட்டில் பின்னேரம் ஆகிவிட்டது. திரும்பி வரும்போது கும்மிருட்டு, யானை குறுக்கிடுகிற ரோட்டு. லைற் மங்கவில்லை, ஆட்டுக்குட்டி கத்தவில்லை. சத்தமில்லாமல் போனது அக்காவுக்குப் பயமாக இருந்ததாம், "கார் ஓடுதோ?" என்று இரண்டு தரம் கேட்டா. அந்த 10 மில்லிமீற்றர் பெல்ற்றை நான் பாஸின் குப்பைத் தகரத்தில் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால் சுருட்டியபடி கிடக்கிறது.

"கிடக்கட்டும் தம்பி," என்றார் அத்தான், "எதுக்கும் உதவும்."