‘வைன்’ போட்டுத் தருகிறேன் என்றவரிடம் 9,500 ரூபாயை இழந்தேன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதாலும், என் பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காததாலும், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தில் ஓடவைக்கும் ‘வைன்’ நிரலைப் போட்டுத் தருவதாகச் சொன்ன, எங்கள் ஊரிலுள்ள கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றை நம்பிப் போய் 9,500 ரூபாயை இழந்து நிற்கிறேன். டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும்) தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

திருமண அழைப்பிதழ்களைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. என்னிடமுள்ள தமிழ்த் தட்டச்சு மென்பொருள், யு.எஸ்.பி. டாங்கிளை (உரிமத்தை உறுதிசெய்யும் சாவி போன்ற சிறு கருவி) செருகினால்தான் இயங்கும் என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். “லினக்ஸ் போட்டு அதில் வைன் போட்டுவிட்டால் எல்லாம் அப்படியே ஓடும் சார்” என்றவர், தம் கணினியிலேயே பேஜ்மேக்கரைத் திறந்து, கட்டம் வரைந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய அதே திரை லினக்ஸில் விரிந்ததும் மனம் நம்பிவிட்டது. கையிலிருந்த டாங்கிளை அங்கேயே செருகிப் பார்க்கத் தோன்றவில்லை. கூலி 6,500, ‘வைன் உரிமக் கட்டணம்’ 3,000 என்று 9,500 ரூபாயையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, ஹார்ட் டிஸ்கை முழுவதும் அழித்து லினக்ஸை நிறுவித் தந்தார்.

வீட்டில் பேஜ்மேக்கர் திறந்தது. ஆனால் டாங்கிளைத் தட்டச்சு மென்பொருள் கண்டுகொள்ளவே இல்லை, தமிழில் ஓர் எழுத்துகூட அடிக்க முடியவில்லை. கேட்கப் போன முதல் நாள், “அப்டேட் வந்தால் சரியாகிவிடும்” என்றார். இரண்டாம் முறை, டாங்கிள்தான் பழுது என்றார். நண்பரின் விண்டோஸ் கணினியில் அதே டாங்கிள் வேலை செய்வதைக் காணொளி எடுத்துக் காட்டியபோது, “மென்பொருளுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் பேசத் தொடங்கிவிட்டார். இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. முகூர்த்த நாட்கள் நெருங்கும் நேரத்தில், ஒப்புக்கொண்ட மூன்று அழைப்பிதழ் வேலைகளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு விசாரித்துத்தான் விவரம் தெரிந்தது. விண்டோஸ் நிரல்கள் விடுக்கும் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றித் தருவதே வைனின் வேலை. இத்தகைய டாங்கிளை இயக்கும் நிரலான டிரைவரோ விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஏறி இயங்குவது, அந்தக் கெர்னல் லினக்ஸில் இல்லவே இல்லை. 1993 முதல் பலர் உழைத்து வளர்த்துவரும் வைன் கட்டற்ற மென்பொருள், எவரும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதன்மீது எனக்குக் குறையில்லை. இல்லாத உரிமத்துக்கு 3,000 ரூபாய் வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டாங்கிள் கேட்கும் மென்பொருளுக்கு வைனை நம்பாதீர்கள். பணம் கொடுக்குமுன் உங்கள் கோப்பை, உங்கள் டாங்கிளோடு, உங்கள் கண்முன் திறந்து அச்செடுக்கச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்க விடாதீர்கள். எந்தெந்த மென்பொருள் ஓடும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். என் ரசீதில் ‘சர்வீஸ் 9,500’ என்று மட்டுமே இருக்கிறது.