மஞ்சப்பையில் அச்சடிக்கக் கத்தியா, எமல்ஷனா?

கும்பகோணம், மாயவரம் பக்கம் கல்யாணத் தாம்பூலப் பை அடிக்கிற கடைகளைப் பார்த்துவிட்டு, நாமும் கையால் அச்சடிக்கப் பழகலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது எமல்ஷன் டப்பாவைத்தான், அதாவது வலையில் பூசி வெளிச்சம் காட்டி எழுத்தைப் பதிக்கிற கூழ். கொஞ்சம் பொறுங்கள், அதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன.

கத்தியால் எழுத்தை ஓட்டையாக வெட்டும் ஸ்டென்சிலுக்குப் பெரிய செலவே இல்லை. பழைய எக்ஸ்ரே பிலிம், பேப்பர் கட்டர், ஒரு துண்டு ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். தேர்தல் நேரத்தில் சுவரில் சின்னம் விழுவதும், நெல் சாக்கில் எழுத்து விழுவதும் இதே முறையில்தான். ஸ்பாஞ்சைச் சாயத்தில் தொட்டதும் பழைய பேப்பரில் நாலு தட்டுத் தட்டி, கிட்டத்தட்டக் காய்ந்துபோன மாதிரி ஆன பிறகு பையில் ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் சாயம் பிலிமுக்கு அடியில் ஓடி எழுத்து தடித்துவிடும். நிஜமான தொல்லை சுழிகளில் இருக்கிறது. ‘ப’, ‘ட’ சுலபம். ‘ண’, ‘ழ’ வந்தால் சுழிக்கு உள்ளே இருக்கிற துண்டு கையோடு வந்துவிடும், அதனால் ஒவ்வொன்றிலும் மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும், அதை எந்த இடத்தில் விட்டால் எழுத்து எழுத்தாக நிற்கும் என்று தலையைப் பிய்த்துக்கொள்வதிலேயே பாதி வித்தை வந்துவிடுகிறது.

ஜப்பான்காரர்கள் இந்தத் துண்டுகளைப் பிடித்து நிறுத்தத் தாளின் மேல் பட்டு வலை ஒட்டினார்கள். 1907இல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் பட்டுத் துணி கட்டிய சட்டத்தில் அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குப் பட்டுக்குப் பதில் பாலியஸ்டர் வலை.

எனக்குப் பிடித்தது நடுவழி. துணிக்கு ஏற்ற 43 நம்பர் வலை கட்டிய சட்டம், அதாவது ஸ்கிரீன் ஒன்று, அதற்கு அடியில் வெட்டிய பட்டர் பேப்பர். ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜியால் இங்க்கை முதல் இழுப்பு இழுத்ததும் இங்க் பசை மாதிரி பேப்பரை வலையோடு பிடிக்கும், சுழித் துண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும், பாலம் என்ற பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் பேப்பர் ஊறிச் சுருங்கிவிடும் என்பதுதான் குறை. வீட்டு விசேஷத்துக்கு அது தாங்கும்.

எமல்ஷனில் பொடி எழுத்து, போட்டோ எல்லாம் வரும், ஒரே ஸ்கிரீனில் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், மறுக்கவில்லை. பூசிக் காய்ந்ததன் மேல் படத்தை வைத்து வெளிச்சம் காட்டினால், பட்ட இடம் கெட்டியாகிறது, படம் மறைத்த இடம் தண்ணீரில் கழன்றுவிடுகிறது, கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசியது லேசில் காயாது, அரைகுறையாகக் காய்ந்ததை வெயிலில் காட்டிக் கழுவினால் படமும் சேர்ந்து போய்விடும். எமல்ஷனில் கலக்கிற பைக்ரோமேட் உப்பு புற்றுநோய் வரவழைக்கிற சரக்கு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடவே கூடாது. பைக்ரோமேட் இல்லாத டயஸோ வகை எமல்ஷன் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

போன் நம்பரோடு நிறையப் பை வேண்டுமா? ஸ்கிரீனை மட்டும் கடையில் எக்ஸ்போஸ் செய்து, அதாவது வெளிச்சம் காட்டிப் படம் பதித்து, வாங்கிக்கொண்டு வீட்டில் அடியுங்கள். காய்ந்ததும் மேலே ஒரு தாள் வைத்து இஸ்திரி போட்டால் சாயம் நிற்கும்.