டி3 வேனில் ஏ.ஏ.இசட் 1.9 டர்போ டீசல்: பழைய இன்ஜினை அவசரப்பட்டு விற்காதீர்கள்

ஃபோக்ஸ்வேகனின் பின்பக்க இன்ஜின் வேனான டி3-யின் டர்போ டீசல் மாடலில் வந்த ஜே.எக்ஸ் இன்ஜின் 1.6 லிட்டர், 70 குதிரைத்திறன். மேடு வந்தால் மூச்சு வாங்கும். அதன் இடத்தில் வைக்கப் பலரும் தேடுவது அதே குடும்பத்து ஏ.ஏ.இசட்: 1896 சி.சி, 75 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஓட்டும்போது தெரிவது கீழ் ஆர்.பி.எம்மில் வரும் இழுவை. கியரை அடிக்கடி இறக்க வேண்டியதில்லை.

இதன் பெரிய வசதி மெக்கானிக்கல் டீசல் பம்ப். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு இல்லை. பம்பின் ஸ்டாப் சொலினாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு) இக்னிஷனிலிருந்து 12 வோல்ட், ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் குளோ பிளக்குகளுக்கு ரிலே, டர்போவிலிருந்து பம்புக்குப் பூஸ்ட் குழாய், அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில். டி3-யில் டீசல் இன்ஜின் 50 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும், ஏ.ஏ.இசட்டோ கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும் கார்களுக்கானது. அதனால் ஆயில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), ஆயில் உறிஞ்சும் குழாய், வால்வு கவர், மவுண்ட் பிராக்கெட்டுகள், காற்று வரும், புகை போகும் இரண்டு மேனிஃபோல்டுகள், டர்போ எல்லாம் ஜே.எக்ஸிலிருந்தே வர வேண்டும். ஏ.ஏ.இசட்டின் சொந்த டர்போவை அப்படியே சாய்த்து வைத்தால் ஆயில் திரும்பும் குழாய் சரிவை இழக்கும். ஆயில் தேங்கி சீல் வழியே கசியும், நீலப் புகை வரும். பலர் டர்போ போய்விட்டது என்று புதிதாக வாங்கி மாட்டுவார்கள், புகை மட்டும் நிற்காது. பழைய இன்ஜினை முதலில் விற்றுவிட்டு இந்தப் பாகங்களைத் தனித்தனியாகத் தேட ஆரம்பித்தால் செலவு எங்கேயோ போகும்.

ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் பழைய ஏ.ஏ.இசட்டை வாங்காதீர்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடுவது இதன் வழக்கமான நோய். விரிசலின் அகலம் 0.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஓட்டலாம், அதற்கு மேல் போனால் ஹெட் மாற்ற வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் கேஸ்கட்டில் அதன் தடிமனைக் காட்ட 1, 2, 3 என்று வெட்டுக்குறி இருக்கும். பிஸ்டன் பிளாக்கை விட்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்துதான் எது என்று முடிவு செய்ய வேண்டும். ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். முறுக்கும் அளவு: 40, பிறகு 60 நியூட்டன் மீட்டர், அதன்மேல் இரண்டு முறை 90 டிகிரி. கிராங்க் முன்பக்கப் பெரிய போல்ட்டும் ஒரு முறை உபயோகம்தான். அது தளர்ந்தால் கிராங்கில் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீ வெட்டு தேயும், டைமிங் நழுவும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். அங்கே மிச்சம் பிடிப்பது முட்டாள்தனம்.

பம்பில் டீசல் குழாய்களைப் பிடிக்கும், நடுவே துளையுள்ள இரண்டு பேஞ்சோ போல்ட்டுகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். டீசல் தொட்டிக்குத் திரும்பும் பக்கத்துப் போல்ட்டின் தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கும், உள்ளே ஊசித்துளை. இடம் மாறினால் டீசல் போதாமல் இன்ஜின் திணறும். பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப் சொலினாய்டின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகே இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவே வேன் நீளத்துக்குக் குழாய். முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டரின் காற்று ஸ்குரூவைத் திறந்து, குமிழி நிற்கும் வரை கூலன்ட் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் அடுத்த மேட்டிலேயே ஹெட் சூடேறும்.

90 குதிரைத்திறன், 202 நியூட்டன் மீட்டர் தரும் 1.9 டி.டி.ஐ இதைவிட நல்ல இன்ஜின்தான், சந்தேகமில்லை. ஆனால் வயரிங்கும் ஈ.சி.யுவும் கையாளத் தெரிந்தவர்களுக்கே அது. ஜே.எக்ஸ் வேன் கையில் இருந்து, ஸ்பேனரோடு மட்டும் வேலை முடியவேண்டும் என்றால் ஏ.ஏ.இசட்டுக்கு என் மதிப்பெண் 5-க்கு 4. பெட்ரோல் டி3 வைத்திருப்பவர்களுக்கு 2 தான்: டீசல் பெல்ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), பிராக்கெட், சம்ப் என்று எல்லாமே வெளியே தேட வேண்டியிருக்கும்.