சின்னம்மாவின் பின்வளவுக்கு எந்தச் செடி?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் என் சின்னம்மாவின் பின்வளவில் ஏறக்குறைய இருபது வருடம் ஒரு கராச் இருந்தது. வாகனம் திருத்துவதைவிடப் பழைய பற்றறி உடைக்கிற வேலைதான் அங்கே கூட நடந்தது. வாடகைக்கு இருந்தவர் போனபிறகு அந்த மூலையில் மரவள்ளி நடலாம் என்று சின்னம்மா நினைத்தார். பிறகு யாரோ எதையோ சொல்ல, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, சூரியகாந்தி போட்டால் மண்ணில கிடக்கிற ஈயத்தை அது உறிஞ்சிப்போடுமாம். உண்மையோ?"

அந்தக் கேள்வியோடு இரண்டு மாதம் மினக்கெட்டேன். ஈயம், கட்மியம் போன்ற பார உலோகம் படிந்த மண்ணைச் செடி வைத்துத் திருத்தலாம் என்று உலகம் முழுக்க எழுதுகிறார்கள். ஆனால் எந்தச் செடி, எந்த உலோகத்துக்கு, எந்த மண்ணில் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பலதும் நம் வளவுக்குப் பொருந்தாமல் போகிறது.

முதலில் மண். கோண்டாவிலும் சேர்ந்த எங்கள் வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புப் பாறையின்மேல் கிடக்கிறது. அது கார மண். அப்படியான மண்ணில் ஈயமும் கட்மியமும் மண்துகளோடு இறுகி ஒட்டிக்கொள்ளும், வேருக்கு இலகுவில் அகப்படாது. கீரை ஈயத்தை அதிகம் இழுக்காது என்ற அளவில் இது நல்லது. மண்ணிலிருந்து ஈயத்தை இழுத்தெடுக்க வேண்டிய செடிக்கோ இதுவேதான் தடை. அப்புறம், பாறையில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் மேலே கரைகிறது கீழே கிணற்றுக்குப் போய்விடும். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, குடிப்பதும் குளிப்பதும் கிணற்றில்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த நாட்கள் யாருக்கும் மறந்திருக்காது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கடுகுக்கு வருவோம். புத்தகங்களில் முதலில் வருவது இதுதான். சீக்கிரம் வளரும், ஈயம், கட்மியம் இரண்டையும் ஓரளவு தண்டுக்கும் இலைக்கும் ஏற்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது கிட்டத்தட்ட 250 சதுர மீற்றர். மேல் 20 சென்ரிமீற்றர் மண் மட்டும் சுமார் 65 தொன் வரும். ஒரு கிலோ மண்ணில் 500 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது, அதை 200 ஆக இறக்க வேண்டும் என்று வைப்போம். (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஜனவரியில் வீட்டு மண்ணுக்கான எச்சரிக்கை அளவை 400-இலிருந்து 200 ஆகக் குறைத்தது.) அப்படியென்றால் 19.5 கிலோ ஈயம் வெளியே வரவேண்டும். ஒரு போகக் கடுகு காய்ந்தபின் 130 கிலோ தேறும், கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறும் என்று தாராளமாகவே எடுத்தாலும் ஒரு போகத்தில் வெளியேறுவது 13 கிராம். மொத்தம் 1,500 போகம் வேண்டும். வருடத்துக்கு மூன்று போகம் போட்டாலும் 500 வருடம்.

இதைத் தெரிந்துதான் ஆய்வாளர்கள் மண்ணில் ஈ.டி.ரி.ஏ. என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். அது ஈயத்தை மண்ணிலிருந்து பிரித்துக் கரைத்து வேருக்குக் கொடுக்கும். 1997-இல் வெளியான பரிசோதனைகளில் கடுகுத் தண்டில் ஈயம் 1 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கில் 500 வருடம் 5 வருடமாகச் சுருங்கும். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கரைந்த ஈயம் முழுவதையும் வேர் பிடித்துவிடாது. மிச்சம் மாரி மழையோடு கீழே இறங்கும், ஈ.டி.ரி.ஏ.யும் மண்ணில் சீக்கிரம் அழியாது. களிமண் தடிப்பாக உள்ள வேறு நாட்டில் யாராவது செய்யட்டும். கிணற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே வெடித்த சுண்ணாம்புப் பாறை மட்டுமே உள்ள எங்கள் ஊரில் இதைச் செய்யவே கூடாது. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

சூரியகாந்தியின் பேர் செர்னோபிலால் வந்தது. 1990களில் அங்கே குளத்து நீரில் மிதவைகளில் அதை வளர்த்து, வேரால் சீசியத்தையும் ஸ்ட்ரோன்சியத்தையும் பிடித்தார்கள். கவனியுங்கள், அது நீர். 2011-இல் புகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பானில் வயல் மண்ணில் நட்டுப் பார்த்தபோது மண்ணில் இருந்த சீசியத்தில் 2,000-இல் ஒரு பங்குதான் செடிக்கு ஏறியது என்று அந்நாட்டு விவசாய அமைச்சு சொன்னது. மேல்மண்ணை வழித்தெடுத்ததே அங்கே பலன் தந்தது. ஈயத்துக்கும் சூரியகாந்தியிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. பூ வடிவாக இருக்கும், அவ்வளவுதான்.

புகையிலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எங்களுக்குக் கைவந்த பயிர் அது. நாற்று மேடையும், பச்சை இலையைப் பசளையாக மண்ணில் புதைக்கிற குழை தாழ்க்கிற முறையும் இங்கே பல தலைமுறையாகப் பழகியவை. புகையிலை மண்ணிலுள்ள கட்மியத்தை இலைக்கு ஏற்றுவதில் மிகக் கெட்டிக்காரச் செடி. புகைப்பவர்களின் உடலில் கட்மியம் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம். இலையும் பெரிது, பாரமும் வரும். பொஸ்பேற்றுப் பசளையோடு கட்மியமும் சிறிது சிறிதாக மண்ணுக்கு வந்து சேர்கிறது என்பதால், வருடக்கணக்காகப் பசளை கொட்டிய தோட்டத்துக்குக் கடுகைவிட இது பொருத்தம் என்று தாளில் சொல்லலாம்.

எனக்குப் பயம் செடியில் இல்லை, இலை போகும் இடத்தில்தான். கடுகுச் செடியை வாங்க யாரும் வரமாட்டார்கள். பதமான புகையிலையை வாங்க ஆள் வரும். மண்ணைத் திருத்த நட்ட இலை ஒருநாள் சுருட்டாகி இன்னொருவரின் நெஞ்சுக்குள் போகும். விலை கிடைக்கிற ஒன்றை எரித்துச் சாம்பலைப் பூட்டி வையுங்கள் என்று கமக்காரரிடம் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? அதனால் கட்மியத்துக்குப் பொருந்தினாலும் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆசனிக்கு (ஆர்சனிக்) என்கிற நஞ்சின் விஷயத்தில் மட்டும் கதை வேறு. 2001-இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் லீனா மாவும் கூட இருந்தவர்களும், மரப்பலகை உளுக்காமலிருக்க ஆசனிக்கு கலந்த மருந்தேற்றிய பழைய இடமொன்றில் வளர்ந்த ஒரு பன்னத்தை (பெரணி வகைச் செடி) ஆராய்ந்தார்கள். அதன் உலர்ந்த இலையில் ஆசனிக்கு 2 சதவீதத்துக்கு மேல் சேரக்கூடியதாக இருந்தது. சுண்ணாம்பும் காரமும் உள்ள இடம்தான் அந்தப் பன்னத்துக்குப் பிடிக்கும். கார மண்ணில் ஆசனிக்கு ஈயத்தைப்போல இறுகிக் கிடப்பதும் இல்லை. ஆக, மண்ணும் செடியும் உலோகமும் மூன்றும் பொருந்துகிற ஒரே இடம் இது. நிழலும் ஈரமும் மட்டும் கொடுக்க வேண்டும், எங்கள் பங்குனி வெயிலில் அது தானாகத் தாக்குப்பிடிக்காது. ஈயத்துக்கு இப்படி ஒரு செடி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பற்றறி உடைத்த மண்ணில் பன்னம் நடுவது வீண்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அம்பாந்தோட்டைப் பக்கத்து உஸ்ஸங்கொடவில் மண்ணிலேயே நிக்கல் கூட. அங்கே முளைக்கிற ஓரிதழ்த்தாமரை அந்த நிக்கலை அளவுக்கு மீறித் தன்னுள் சேர்க்கிறது. நாட்டு மருந்தில் சேர்க்கிற மூலிகை அது. எந்த மண்ணில் பிடுங்கியது என்று கேட்காமல் மூலிகை வாங்காதீர்கள்.

வெட்டிவேர் இவை எல்லாவற்றுக்கும் நேர்மாறு. அது உலோகத்தை மேலே ஏற்றுவதில்லை, உள்ளே போனதில் பெரும்பங்கை வேரிலேயே வைத்துக்கொள்ளும். வேர் நேரே கீழே போகும், நல்ல மண்ணில் 3 மீற்றருக்கும் கூட. பாறை கிட்ட உள்ள வளவில் அவ்வளவு போகாது. ஆனாலும் மேல்மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும், மழையில் அரிக்க விடாது, கோடையில் தூசு பறக்க விடாது. ஈயம் பிள்ளைகளுக்குள் போகிற முக்கியமான வழி கறி அல்ல. கையில் ஒட்டிய மண்ணும் காற்றில் வரும் தூசும்தான். அந்த வழியை அடைப்பதற்கு வெட்டிவேரைவிடச் சரியான செடி எனக்குத் தெரியவில்லை. ஈயம் குறையாது, அங்கேயே கிடக்கும், உண்மைதான். 500 வருடக் கணக்கைப் பார்த்தபிறகு எனக்கு அது குறையாகப் படவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உலோகத்தை மேலே ஏற்றுகிற செடி எதுவானாலும் வெட்டியதை என்ன செய்வது? எங்கள் பழக்கத்தில் பச்சையாக வெட்டினது ஒன்றில் ஆட்டுக்குப் போகும், இல்லையென்றால் தோட்டத்துக்குக் குழையாகப் போகும். இரண்டாலும் உலோகம் திரும்பி வீட்டுக்கே வந்துவிடும். எரித்தால் சாம்பலில் இன்னும் செறிவாக இருக்கும். கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குப் போகிற குப்பையோடு சேர்த்தால், பிரச்சினையை இன்னொரு ஊருக்குத் தள்ளியதுதான் மிச்சம்.

மண்ணை வெட்டி ஏற்றுவது செடிகளுக்கெல்லாம் போட்டி. ஒரு பரப்பில் 20 சென்ரிமீற்றர் என்றால் சுமார் 18 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி), ஆறு ரிப்பர் லொறி வரும். ஒரே நாளில் முடியும். அந்த மண்ணை எங்கே கொட்டுவது, வேறு எங்கே செம்மண்ணைத் தோண்டி இங்கே நிரப்புவது என்ற கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைக்காததால் முழு வளவுக்கும் இதைச் சொல்லமாட்டேன். பற்றறி உடைத்த அந்த ஒரு புள்ளி மட்டும் மிக மோசம் என்று பரிசோதனையில் வந்தால், அதை மாத்திரம் வெட்டி எடுப்பது நியாயம்.

ஆகவே எதையும் நடமுன் நாலைந்து இடத்தில் மண் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் பார உலோகம் அளந்து தருவார்கள். சின்னம்மாவின் வளவில் கராச் நின்ற மூலையில் மட்டும் ஈயம் கூட வந்தது, மற்ற இடம் பரவாயில்லை. அந்த மூலையில் கூட்டெருவும் மீன் எலும்புத் தூளும் கலந்தோம். எலும்பிலுள்ள பொஸ்பேற்று ஈயத்தைக் கரையாத உப்பாக மாற்றும், எங்கள் கார மண்ணில் அது மெதுவாகத்தான் நடக்கும். ஐப்பசி மழை தொடங்கினதும் அதன்மேல் வெட்டிவேர் நெருக்கமாக நட்டோம். மரவள்ளி வேண்டாம், கிழங்கு மண்ணோடு ஒட்டி வளர்வது. முருங்கையும் வாழையும் தள்ளி நல்ல பக்கத்தில் நிற்கின்றன, காயிலும் பழத்திலும் ஈயம் ஏறுவது மிகக் குறைவு.

தை மாதம் போனபோது தூறுகள் இடுப்பளவு வந்திருந்தன. தண்ணீர்ப் பானைக்குள் போட ஒரு பிடி வேர் எடுக்கலாமோ என்று சின்னம்மா கேட்டார். ஈயத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்தான், தொடவே கூடாது என்று சொன்னேன். பானைக்கென்று வேறொரு தூறு வாங்கி வந்து, முன்வளவில் கிணற்றடியில் நட்டுக் கொடுத்திருக்கிறேன்.