போர்வீரருக்குச் சண்டைக்கு வெளியிலும் இடம்: 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்

மதுரை அண்ணா நகரில் வார இறுதிகளில் கூடும் எங்கள் குழு, பாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2024 விதிக் கையேடான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் பயன்படுத்தி வருகிறது. சண்டைத் திறனும் பிற ஆற்றல்களும் போர்வீரர், மந்திரவாதி முதலிய அதன் வகுப்புகளுக்கிடையே (பாத்திர வகைகளுக்கிடையே) எவ்வாறு பகிரப்பட்டுள்ளன என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

முந்தைய 2014 பதிப்பில், பாத்திரம் வளர வளர உயரும் நிலைகளில் 5ஆம் நிலையை எட்டும் போர்வீரர் ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல்கள் நடத்துவார். அதே நிலையில் மந்திரவாதியோ பலரை ஒருசேர எரிக்கும் ஃபயர்பால் மந்திரத்தையும் பறக்கும் மந்திரத்தையும் கற்கலாம். சேதத்தின் அளவை எண்களால் சமன்செய்துவிடலாம். ஆனால் அழகர்மலைக் காட்டில் நாங்கள் அமைத்த கதையில், காவலரிடம் பேசி வழி பெற வேண்டிய கட்டத்தில், போர்வீரர் பாத்திரத்தை ஏற்றவர் பகடையுடன் வெறுமனே காத்திருக்க நேர்ந்தது; அந்த வெறுமையை எத்தனை கூடுதல் தாக்குதல்களாலும் ஈடுசெய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து.

புதிய நூல் இதை உணர்ந்திருக்கிறது. 2ஆம் நிலை முதல், திறன் சோதனையில் (ஒரு செயல் கைகூடுமா எனப் பகடையால் தீர்மானிப்பதில்) தோற்கும் போர்வீரர், இழந்த உடல்நலத்தை மீட்கும் தம் 'செகண்ட் விண்ட்' ஆற்றலின் வாய்ப்பு ஒன்றைக் கொண்டு பத்துமுகப் பகடையின் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். அப்போதும் தோற்றால் அந்த வாய்ப்பு செலவாவதில்லை என்பது மிக நேர்த்தியான விதி. ஆவேசத்தால் போரிடும் பார்பேரியன் வகுப்பினர், 3ஆம் நிலை முதல், சீற்றத்தில் இருக்கும்போது ஒளிந்து செல்லவும் மிரட்டவும் உடல்வலிமையையே பயன்படுத்தலாம். மறைந்து செயல்படும் திருடர் வகையான ரோக் வகுப்பு இவ்வகையில் முன்பே நன்றாக இருந்தது.

எனினும் 13ஆம் நிலையில் டெலிபோர்ட் மந்திரத்தால் குழு முழுவதையும் நொடியில் தொலைதூரம் கொண்டுசெல்லும் மந்திரவாதிக்கு நிகரான எதுவும் போர்வீரரிடம் இல்லை. ஆகவே 10ஆம் நிலைக்குள் ஆடும் குழுக்களுக்கே இந்நூலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.