நீலகிரி மரமா, பழனி மலை மரமா, தூத்துக்குடி பைனா?

மேட்டுப்பாளையத்தில் பெட்டி அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கோவை பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்குப் பேக்கிங் பெட்டி, சரக்கை ஏற்றிவைக்கும் பேலட், அவ்வப்போது உள்ளூர்க்காரர்களுக்குக் கூரை ரீப்பர் சட்டம், பலகை. சொந்த ஊர் கோத்தகிரி. மாமனார் ஊர் பண்ணைக்காடு. இரண்டு மலையோடும் உறவு இருப்பதால் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் அத்தனை பைன் மரம் நிக்குதுங்க. நீங்க எதுக்கு நியூசிலாந்து மரத்தைக் காசு குடுத்து வாங்கறீங்க?"

நியாயமான கேள்விதான். பத்தொன்பது வருடமாக நீலகிரி, பழனி மலை, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் நியூசிலாந்து பைன் என்று மூன்று பக்கத்து மரத்தையும் அறுத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தாவரவியல்படி மென்மரம் என்றால் பைன், சைப்ரஸ் போன்ற ஊசியிலை மரங்கள்தான். சில்வர் ஓக், யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரம், வாட்டில் என்கிற சீகை எல்லாம் அந்தக் கணக்கில் வன்மரம். பட்டறையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆணி வெடிக்காமல் இறங்கினால் அது 'சாஃப்ட் மரம்'. அந்த வகையில் சில்வர் ஓக்கை நாங்கள் உள்ளே சேர்த்துக்கொள்வோம். கற்பூர மரத்தைச் சேர்க்க மாட்டோம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீலகிரியின் தோட்டக் காடுகள் பலகைக்காக வளர்க்கப்பட்டவையே அல்ல. விறகுக்காக வந்தவை. வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் குடியேறிய பிறகு, குளிர்காய்வதற்குச் சோலைகளை வெட்டித் தீர்த்தார்கள். பயம் வந்தது. 1843இல் காட்டன் என்ற கேப்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நீலக் கற்பூர மரத்தை வெலிங்டன் பக்கம் நட்டதாகப் பதிவு. ஊட்டியில் 'ஆரம்பி' என்ற பெயருள்ள கற்பூர மரத் தோட்டம் 1863இல் வந்தது. சீகையும் அதே காலத்து விருந்தாளிதான். வேகமாக வளரவேண்டும், நன்றாக எரியவேண்டும் என்பதே அப்போது கேட்டது. நேராக வளர்கிறதா, கணு இல்லாமல் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

அடுத்த கட்டம் மரக்கூழ். சிறுமுகையில் மரக்கூழிலிருந்து செயற்கை இழை எடுக்கும் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் நீலகிரிக் கட்டையும் பழனி மலைக் கட்டையும் அங்கேதான் போய் விழுந்தன. சீகைப் பட்டை தனியாக உரிக்கப்பட்டுத் தோல் பதனிடப் போனது. நான் பள்ளிக்கூடம் போகும்போது கோத்தகிரி ரோட்டில் கட்டை லாரி ஒவ்வொரு வளைவிலும் முனகிக்கொண்டு இறங்கும். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் பட்டையின் ஈர வாசனை அடிக்கும். பவானி ஆற்று மாசுப் பிரச்சினையில் சிக்கி, 2001 வாக்கில் அந்த ஆலை மூடப்பட்டது. ஆறு பிழைத்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மலை அடிவாரத்திலேயே நின்று, கோணலோ நேரோ, எந்தக் கட்டையையும் எடைபோட்டு வாங்கிய ஒரே பெரிய ஆள் போய்விட்டார். நீலகிரிக் கட்டை வியாபாரம் அதற்கப்புறம் பழைய நிலைக்கு வரவே இல்லை.

இப்போது நீலகிரியிலிருந்து எனக்கு உருப்படியாக வருவது தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்தான். நிழலுக்காக வைத்த மரம். வெளிர் சிவப்பு, இழைத்தால் பொரிப்பொரியாக ஒரு மினுமினுப்பு, ஆணி சுகமாக இறங்கும். ஆனால் சொந்தப் பட்டா மரமாக இருந்தாலும் நினைத்தபோது வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி உத்தரவு வாங்கவேண்டும். அதற்கென்று கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது. வெட்டிய பிறகு இறக்குவதற்கும் பாஸ் வேண்டும். கூடலூர்ப் பக்கம் இன்னும் சிக்கல். அங்கே ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறைப் பிரச்சினை 1969 சட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. நாடு முழுக்க மரம் வெட்டுவதையும் மரமில் வைப்பதையும் மாற்றிப்போட்ட 1996 டிசம்பர் 12 உச்ச நீதிமன்ற உத்தரவுக்கு வித்திட்ட கோதவர்மன் வழக்கு, கூடலூர்க் காட்டு மர வெட்டை எதிர்த்துத் தொடங்கியதுதான். நம்ம ஊர்ச் சமாச்சாரம் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

சரி, உத்தரவோடு வெட்டிய நல்ல சில்வர் ஓக் எனக்கு வருமா? அதுவும் பாதிதான். நேராக, உருண்டையாக, பருமனாக இருக்கும் தடி கேரளத்துப் பெரும்பாவூருக்குப் போய்விடும். அங்கே பிளைவுட் ஆலைகளில் தடியைச் சுழற்றி, காகிதச் சுருளைப் பிரிப்பது போல மெல்லிய தாளாக உரிக்கிறார்கள். அப்படி உரித்தால் கிடைக்கும் காசு, அறுத்தால் கிடைக்காது. ஆகவே எங்கள் மரவாடிக்கு வந்து சேர்வது அடிபெருத்து நுனி சிறுத்தது, கவை விட்டது, வளைந்தது. நான்கு கன அடி எடுத்து வைத்தால் ஒன்றரை கன அடி தூளும் சிராயும்.

கற்பூர மரத்தைப் பற்றிச் சொன்னேனே. தொடக்கத்தில் ஒரு லோடு மலிவாகக் கிடைத்தது என்று எடுத்தேன். முதல் தடியை மேடையில் ஏற்றி நெடுக்குவாட்டில் ரம்பத்தை விட்டோம். பாதி தூரம் போனதும் அறுபட்ட இரண்டு பக்கமும் தானாகவே வாய் பிளந்து, வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்தன. நடுவில் இருந்த தடி ரம்பத்தைக் கவ்வியது. மில் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இது உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டு வளர்ற மரம். அடுப்புக்குக் குடுத்துடு" என்றார். அறுத்த வரைக்குமான பலகையும் இரண்டு வாரத்தில் காய்ந்து முனை வெடித்து, முறுக்கிப் போனது. டீ பேக்டரி அடுப்புக்குத்தான் கொடுத்தேன். மர வளர்ச்சியின்போது உள்ளே தேங்கும் இழுவிசை வெட்டியதும் விடுபடுவதால் வரும் வினை அது. பக்குவமாக அறுத்து, மெதுவாகக் காயவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பட்டறை வேகத்துக்கு அது ஒத்துவராது. இலையைக் காய்ச்சித் தைலம் எடுப்பதோடு அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இனி மாமனார் வீட்டுப் பக்கம்.

பழனி மலையை ஒரே மலையாகப் பார்க்கக்கூடாது. மேல்மலை வேறு, கீழ்மலை வேறு. மேலே கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. பைன், வாட்டில், கற்பூரம் எல்லாம் அங்கேதான். கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர், பாச்சலூர். காபி, மிளகு, மலைவாழை, நடுநடுவே சில்வர் ஓக்.

மேல்மலைப் பைனை நம்பி யாரும் மில் வைக்கவேண்டாம். கொடைக்கானல் பைன் காட்டை 1906இல் பிரையன்ட் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள், பிரையன்ட் பூங்காக்காரரேதான். இன்றைக்கு அது டிக்கெட் வாங்கிப் போட்டோ எடுக்கும் இடம். தூண்பாறைப் பக்கம் போகிற ஒவ்வொரு வேனும் அங்கே நிற்கும். நீலகிரியில் தலைக்குந்தா பைன் காட்டுக்கும் அதே கதிதான். கல்யாண ஆல்பத்தில் இந்த மரங்கள் சம்பாதித்துக் கொடுப்பதைப் பலகையாக ஒருநாளும் கொடுக்காது. அதோடு 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்துவிட்டது. வனத்துறைத் தோட்டங்களின் பெரும்பகுதி கோடரிக்கு எட்டாத கணக்கில் போய்விட்டது.

இந்தக் காடுகள் எதன் மேல் நிற்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைகளின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதை விழுங்கியதில் முக்கியப் பங்கு மரத்தோட்டங்களுக்கு. வாட்டிலுக்கு யாரும் நாற்று வைக்கவேண்டியதில்லை. விதை மண்ணில் பல வருடம் கிடக்கும், தீப் பட்டால் கூட்டமாக முளைக்கும். இப்போது அரசின் 2022 கொள்கையே அந்நிய மரங்களை அகற்றிச் சோலையையும் புல்லையும் மீட்பது என்று ஆகிவிட்டது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டிக் கரூர் காகித ஆலைக்கு எடுத்துப்போவது அந்த வகை வேலைதான். மரம் வியாபாரி வாயால் இதைச் சொல்வது விநோதமாக இருக்கலாம். ஆனால் வெட்டவேண்டிய மரம் என்று ஒன்று இருந்தால் அது வாட்டில்தான். அதன் கட்டைக்குக் கூழ், விறகு, கரி தவிர வேறு சந்தை கிடையாது.

பட்டா நிலத்தில் வாட்டிலும் கற்பூரமும் வைத்திருக்கும் மன்னவனூர்ப் பக்கத்து விவசாயிக்கு இங்கேதான் அடி விழுகிறது. நீலகிரிக்காரர் மலை இறங்கினால் மேட்டுப்பாளையம்; மரவாடி, மில், ரயில், கோவை எல்லாம் கைக்கெட்டும் தூரம். மன்னவனூர்க்காரர் முதலில் கொடைக்கானலுக்கு வரவேண்டும், அப்புறம் பெருமாள்மலை, அப்புறம் வத்தலக்குண்டு வரை வளைந்து வளைந்து இறங்கவேண்டும். இறங்கிய இடத்திலும் ஆலை இல்லை; கரூருக்கோ மணப்பாறை அருகே மொண்டிப்பட்டிக்கோ இன்னொரு பயணம். ஒரு டன்னுக்குக் கிடைப்பதில் வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் போனால் மிச்சம் என்ன என்பது அவருக்குத்தான் தெரியும். அதே காகித ஆலைகளுக்குச் சமவெளி விவசாயி சவுக்கும் தைல மரமும் வளர்த்துக் கொடுக்கிறார். மலைச் சட்டம் இல்லை, வளைவு இல்லை. எங்கள் ஊர் வனக் கல்லூரி மலைவேம்பையும் அதோடு சேர்த்துப் பரப்பிக்கொண்டிருக்கிறது. கூழ்க் கட்டையில் மலை ஜெயிக்க வழியே இல்லை.

கீழ்மலைச் சில்வர் ஓக் நல்ல மரம். என் கண்ணுக்குக் கோத்தகிரி மரத்துக்குச் சளைத்ததல்ல. கிடைப்பதுதான் கஷ்டம். ஒருமுறை மாமனாரிடமே கேட்டேன், பருத்த மரமாகப் பத்து கொடுங்கள் என்று. மரத்தைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக் கொடியைக் காட்டினார். "மரத்த வித்தா ஒரு தடவ காசு மாப்ள. இது வருசா வருசம் குடுக்குது. கொடியோட சேத்து எப்படி வெட்டுறது?" பதில் சொல்ல முடியவில்லை. மிளகு விலை நன்றாக இருக்கும் வருடங்களில் தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து மரம் இறங்குவதே அபூர்வம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மரப்பெட்டி வேண்டியிருந்த காலமும் போய்விட்டது. தக்காளி இப்போது பிளாஸ்டிக் கிரேட்டில் ஏறுகிறது. நீலகிரியில் தேயிலைப் பெட்டிக்கு நடந்ததும் அதுதான். காகிதச் சாக்கு வந்து பிளைவுட் பெட்டியை ஓரங்கட்டியது.

மூன்றாவது, தூத்துக்குடி வழியாக வரும் ரேடியேட்டா பைன். பூர்வீகம் கலிபோர்னியா; வளர்ந்தது நியூசிலாந்து. அங்கே நட்ட காடுகளில் பத்துக்கு ஒன்பது பங்கு இந்த ஒரே மரம். சுமார் 28 வருடத்தில் வெட்டு. தடியின் முனையைப் பாருங்கள்: வருட வளையம் ஒவ்வொன்றும் அரை விரல் அகலம் இருக்கும். அவ்வளவு வேகம். இளமையிலேயே கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்ட மரத்தில் வெளிப்பக்கப் பலகை கணுவே இல்லாமல் வருகிறது. ஊசியிலைக் கருகல் நோய் வந்தால் விமானத்திலிருந்து செம்பு மருந்து தெளிக்கிறார்கள். இங்கே மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைனை நட்டுவிட்டுப் படம் பிடிக்கிறோம்; அங்கே அது பயிர். நட்ட நாளிலேயே அறுக்கும் நாளையும் மில்லையும் துறைமுகத்தையும் யோசித்துவிடுகிறார்கள்.

நம் பைனையும் அறுத்துப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் ஒரு பழைய பங்களாத் தோட்டத்தில் ஐப்பசி மழைக்கு இரண்டு பைன் விழுந்தன. உரிமையாளர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். விழுந்த மரத்தை எடுக்கவும் காகிதம் வேண்டும். காகிதம் கைக்கு வருவதற்குள் ஒரு மாதம். தடியை அறுத்தபோது ஓரம் முழுக்க மை கொட்டியது போல நீலம் பாய்ந்திருந்தது. பூஞ்சைதான், பலம் பெரிதாகக் குறையாது, ஆனால் பார்க்கிற எவனும் 'உளுத்த மரம்' என்பான். அடிக்கு ஒரு கணுக் கூட்டம் வேறு. கோழிக் கூண்டுக்குப் போனது.

ஏற்றுமதிப் பெட்டியில் நான் நியூசிலாந்து பைனைக் கைவிடாததற்கு இன்னொரு காரணம் முத்திரை. வெளிநாடு போகும் மரப் பேக்கிங்கைச் சூடேற்றி, கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் இருந்தது என்று கதிர் படம் போட்ட முத்திரை குத்தவேண்டும். ஒரே அளவு, ஒரே ஈரம் உள்ள பைன் பலகை என்றால் சூடேற்றும் சேம்பரில் கணக்குப் பிசகாது. பச்சைச் சில்வர் ஓக் கலந்த ஒரு லோடில் நேரம் இழுத்து, டீசல் செலவு ஏறி, லாரி மறுநாளுக்குத் தள்ளிப்போய் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த இறக்குமதிப் பைனிலும் குறை உண்டு. டாலர் ஏறினால் விலை ஏறும். 2021இல் கப்பல் வாடகை ஏறியபோது ரேட்டைக் கேட்கவே பயமாக இருந்தது. மழை ஈரத்தில் அடுக்கிவைத்தால் அதுவும் நீலம் பூக்கும். கரையானுக்குப் பாயசம். வீட்டுக் கூரைக்கு மருந்து ஏற்றாத பைன் ரீப்பர் கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். ஏற்றுமதிப் பேலட்டுக்கும் பெட்டியின் அடிச்சட்டத்துக்கும் தூத்துக்குடி பைன். உள்ளூருக்குப் போகும் கனமான மோட்டார் பெட்டிக்குக் கோத்தகிரி, குன்னூர்ச் சில்வர் ஓக். ஒன்றிரண்டு மாதம் நிழலில் அடுக்கி ஆறவிட்ட பிறகுதான். பண்ணைக்காட்டு மரம், மாமனார் மனது வைக்கும் வருடத்தில். ஏற்றுமதிப் பெட்டியின் பக்கங்களுக்குப் பிளைவுட்; பிளைவுட்டுக்கு அந்தச் சூட்டு முத்திரை விதி பொருந்தாது, ஒரு வேலை மிச்சம். அந்தத் தாள்கள் பெரும்பாவூரிலிருந்து வருகின்றன. போன வாரம் ஒன்றை அறுத்தபோது நடு அடுக்கில் அந்த வெளிர் சிவப்பும் மினுமினுப்பும் தெரிந்தது. எங்கள் மலையில் இறங்கி, கேரளா போய், உரிபட்டு, ஒட்டுப்பட்டு, இரண்டு மாநில லாரி வாடகையோடு என் மேடைக்கே திரும்பி வந்திருக்கிறது.