ஒழுகாத குழாயும் என் முதல் மீன்தொட்டியும்: ஈராண்டு அனுபவம்

சென்ற வாரம் அலுவலக நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு மீன்தொட்டியின் படத்தை அனுப்பி, "உங்கள் வீட்டில் இருப்பதும் இதே செட்தானே? 99 வெள்ளிக்கு இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அதே செட்தான், ஈராண்டுக்கு முன் நான் 139 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கியது. அவருடைய செய்தி வந்த மாலையில்தான் என் தொட்டியின் வடிகட்டி நின்றுபோய், அதன் உதிரிப் பாகத்தைத் தேடி அலைந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் எங்காவது சூடு தெரிந்தால் அதற்கு அந்த அலைச்சலும் ஒரு காரணம்.

தொட்டி இரண்டடி நீளமுள்ள வழக்கமான அளவுதான்: 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். பின்பக்கக் கண்ணாடியில் தொங்கும் வடிகட்டி, எல்இடி விளக்கு, பிளாஸ்டிக் மூடி ஆகியவை உடன் வரும். கண்ணாடியிலும் ஒட்டுவேலையிலும் இன்றுவரை ஒரு குறை கிடையாது. விளக்கும் அனுபியாஸ், கிரிப்டோகொரைன் போன்ற நிழல்தாங்கிச் செடிகளுக்குத் தாராளமாகப் போதும். என் சண்டையெல்லாம் மூடியோடும் வடிகட்டியோடும்தான்.

முதலில் மூடி. அதன் வலது ஓரத்தில் வட்டமாக ஒரு துளை உண்டு. தண்ணீரைச் சூடாக்கும் கருவியின் கம்பியை நுழைப்பதற்காம். சிங்கப்பூரில் வீட்டு மீன்தொட்டிக்குச் சூடேற்றுபவர் யார்? எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 பாகையைத் தாண்டிவிடுகிறது. நமக்கு வேண்டியது குளிரூட்டும் சிறு விசிறி. அதைப் பொருத்த இந்த மூடியில் இடமே இல்லாததால், வாங்கிய இரண்டாம் மாதமே மூடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். விசிறி வந்தது, வெப்பம் இரண்டரைப் பாகை குறைந்தது. அதோடு இந்தக் கட்டுரைக்கு மூலமான தொல்லையும் வந்து சேர்ந்தது.

விசிறி தண்ணீரைக் குளிர்விப்பது ஆவியாக்கித்தான். என் தொட்டியில் விசிறி நாள் முழுவதும் ஓடினால் மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. இறங்கும். 60க்கு 30 பரப்பில் 1 செ.மீ. என்றால் 1.8 லிட்டர். தொங்கு வடிகட்டியோ தண்ணீரை உறிஞ்சி, ஒரு நாக்கு வழியாகத் தொட்டிக்குள் திரும்ப வழியவிடும் வகை. அந்த நாக்கும் தண்ணீர் மட்டமும் ஒட்டியிருக்கும்வரை ஓசை எழாது. மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியதும், சரியாக மூடாத குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழுவதைப் போன்ற சத்தம் தொடங்கிவிடும். மற்ற தயாரிப்புகளில் நாக்கு விளிம்பிலிருந்து நன்றாகத் தாழ இருப்பதைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். இதில் மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. கீழேயே நின்றுவிடுகிறது. தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்தாலன்றி அமைதி கிடையாது.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் என் அம்மா. வரவேற்பறையை ஒட்டிய அறை அவருடையது. முதல் சில மாதங்களில் நள்ளிரவில் எழுந்து வந்து, "யாருய்யா குழாயைச் சரியா மூடாம வந்தது?" என்று கேட்டபடியே சமையலறைக் குழாய், கழிவறைக் குழாய், துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் என ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார். தண்ணீர் வீணாவதை அவரால் பொறுக்க முடியாது. தொட்டியின் சத்தம்தான் என்று தெரிந்த பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை, "இன்னிக்கு நெசமாவே ஒழுகினா?" என்பது அவருடைய வாதம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் செய்து பார்த்த வைத்தியங்களில் ஓரளவு பலித்தது ஒன்றே. குளிர்பான போத்தலின் வளைந்த பக்கத்தை நாக்கின் அகலத்துக்கு வெட்டி, சறுக்குப்பலகைபோல அதன் கீழ் செருகினேன். தண்ணீர் விழாமல் வழுக்கி இறங்கியது; வீடு நிசப்தமானது. மூன்று வாரத்தில் பிளாஸ்டிக்மேல் பாசி படர்ந்து, தண்ணீர் ஓரமாக ஒதுங்கிச் சொட்டத் தொடங்கியது. அதைவிட, வந்த விருந்தினர் ஒருவர் தொட்டிக்குள் குப்பை விழுந்திருப்பதாகச் சொல்லி அதை எடுத்தே போட்டுவிட்டார்.

தினமும் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்ததே என்பார்கள். இங்கேதான் முதல்முறை மீன் வளர்ப்பவர்கள் தவறுகிறார்கள், நானும் தவறினேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்த உப்புகளும் மீன் கழிவிலிருந்து உருவான நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை நிரப்புவதும் தண்ணீர் மாற்றுவதும் ஒன்றல்ல. வாரந்தோறும் கால்வாசியை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடவே வேண்டும். இன்னொன்று, நம் குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்காக இருப்பது குளோரமைன். குளோரின்போல ஓரிரவு வாளியில் வைத்தால் பறந்துவிடும் பொருள் அன்று அது. ஊரிலிருக்கும் என் மாமா தொலைபேசியில் சொன்னபடி வாளி வாளியாகத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கொசுச் சோதனைக்கு வந்த அதிகாரியிடம் அறிவுரை கேட்டதுதான் மிச்சம். நஞ்சுமுறிப்பு மருந்து சில துளி விட்டால் குளோரமைன் உடையும். ஆனால் உடையும்போது அதிலிருந்து கொஞ்சம் அமோனியா வெளிப்படும். அதைத் தின்று தீர்க்க வடிகட்டியில் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்க வேண்டும்.

அவை குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. "மூன்று நாள் ஓடவிட்டு மீன் விடலாம்" என்றார், செட்டை விற்றவர். நான்காம் நாள் எட்டு நியான் டெட்ராக்களை விட்டேன். பத்து நாளில் ஐந்து போயின. சோதனைக் குப்பியில் சாயம் பச்சையானது: அமோனியா 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. தண்ணீரின் வெப்பம் ஏற ஏற அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும், கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேட்டைப் பார்த்து இங்கே தொட்டி வைப்பவருக்கு அடி இரண்டு பக்கமும் விழும். எஞ்சிய மூன்றையும் நண்பரின் பழைய தொட்டிக்கு அனுப்பிவிட்டு, மகன் தினமும் கேட்கும் "எப்பப்பா மீன் வரும்?" என்ற கேள்வியைத் தாங்கிக்கொண்டு ஐந்து வாரம் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாங்கியவை ஹார்லெகுவின் ரஸ்போரா, பன்னிரண்டு. உடலின் பின்பாதியில் கரிய முக்கோணம் வரைந்த, செம்பு நிற மீன். சிங்கப்பூர், மலேசியா, சுமத்ரா ஓடைகளுக்கு உரிய இந்த மண்ணின் மீன் என்பதாலோ என்னவோ, ஈராண்டில் இரண்டைத்தான் இழந்தேன். ஒரு ஞாயிறு காலை விளக்கைப் போட்டபோது அவற்றில் ஒன்று அகன்ற கிரிப்டோகொரைன் இலையின் அடியில் வயிறு மேலாகக் கவிழ்ந்து கிடந்தது. செத்துவிட்டது என்று வலையை எடுக்கப் போனேன். அதற்குள் இன்னொன்று வந்து அதனருகிலேயே கவிழ்ந்து, உடலை வளைத்து அணைத்து, இரண்டும் ஒரு கணம் நடுங்கிப் பிரிந்தன. இலையின் அடிப்புறத்தில் கண்ணாடிப் பொடிபோல ஏழெட்டு முட்டைகள். மற்ற மீன்கள் அன்று மதியத்துக்குள் அவற்றைத் தின்றுவிட்டன. ஆனாலும் அந்த ஒரு காலைக்காக அம்மா ஒரு முக்காலியைத் தொட்டியருகே நிரந்தரமாகப் போட்டுக்கொண்டார். குழாய்களைத் திருகிவிட்டு வந்து உட்காரும் இடமும் அதுதான்.

நியாயமாகப் பேசினால், அந்தச் சத்தமும் முழு நட்டமில்லை. விழும் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்குவதால் மீன்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் விசிறி வேண்டியிருக்காது, மட்டம் அவ்வளவாக இறங்காது, சத்தமும் இராது. ஆண்டுக்கு இரண்டு மாதம் இது மிக நல்ல தொட்டி.

மிச்சப் பத்து மாதத்தின் விளைவுதான் இந்தப் பழுது. மட்டம் தாழ்ந்த நாள்களில் காற்றையும் சேர்த்து உறிஞ்சி ஓடியதில் தண்ணீரை இழுக்கும் சுழலியான இம்பெல்லரின் துளை தேய்ந்து, கடகடத்து, ஒரு காலை நின்றேவிட்டது. வாங்கிய கடையில் "உதிரிப் பாகம் வருவதில்லை, புது வடிகட்டி வாங்குங்கள்" என்றார்கள். மறுநாள் சிராங்கூன் நார்த் அவென்யூ 1இல் வரிசையாக உள்ள மீன் கடைகளில் மூன்றாவதில் ஓர் அங்கிள், என் பழைய பாகத்தை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, வேறொரு தயாரிப்பின் இம்பெல்லரை எடுத்துத் தந்தார். 9 வெள்ளி, கச்சிதமாகப் பொருந்தியது. வடிகட்டி நின்றிருந்த ஒன்றரை நாளும் அதன் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்கவிட்டிருந்தேன். இல்லையென்றால் ஐந்து வாரக் காத்திருப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

ஆக, உறுதியான கண்ணாடி, போதுமான விளக்கு, ஈராண்டாக நலமாக இருக்கும் பத்து மீன்கள், அம்மாவின் முக்காலி. இவ்வளவையும் எண்ணிப் பார்த்துவிட்டு, 99 வெள்ளிக்கும் வேண்டாம் என்றே நண்பருக்குப் பதில் அனுப்பினேன். மீன் வளர்க்கலாமா என்று அவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது இந்தச் செட்டைப் பற்றி.